தேத்தண்ணி மேசையில் ஆள் மாற்றம்

என்னால் ஓரிடத்தில் உட்கார முடியாது. இள வயதிலிருந்தே அப்படித்தான். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து மூட்டை தூக்கிய காலத்தில், லொறி வரும்வரை மற்றவர்கள் மூட்டைமேல் சாய்ந்து வெற்றிலை போடுவார்கள். நான் மட்டும் வளைவு வரைக்கும் நடந்துபோய் லொறி வருகிறதா என்று பார்ப்பேன், திரும்புவேன், மறுபடியும் போவேன். "ஒன் காலு ரெண்டும் வேற ஆளோடதாடா?" என்று எங்களை மேய்க்கிற கண்டாக்கு ஐயா கேட்பார். நான் போய்ப் பார்த்ததால் லொறி ஒருநாளும் முன்னதாக வந்ததில்லை. இருந்தாலும் போவேன்.

அதனால்தான் தேத்தண்ணி ஆற்றுகிற வேலை எனக்குப் பிடித்துப்போனது. அது நின்றுகொண்டே செய்கிற வேலை. கை சும்மா இருக்காது. தோட்டத்து வேலைப் பதிவில் என் பேரை வெட்டிய பிறகு, நல்லதண்ணியில் யாத்திரை மலைக்கு ஏறுகிற வழியில் ஒரு கடை போட்டேன். தகரக் கூரை, பலகைச் சுவர், முன்பக்கம் முழுதும் திறப்பு. வருஷத்தில் பாதி நாள் மழையும் பனியும் அட்டையும்தான் அங்கே வாடகை இல்லாமல் இருக்கும். மார்கழியில் போயா என்கிற பௌர்ணமி வந்து சீசன் தொடங்கினால் வைகாசி வெசாக் வரைக்கும் சனம் ஓயாது. கொழும்பிலிருந்தும் காலியிலிருந்தும் பஸ் பஸ்ஸாக வருவார்கள். இரவெல்லாம் ஏறி, சூரியன் வருவதைப் பார்த்துவிட்டு, காலையில் முழங்கால் நடுங்க இறங்கி வருவார்கள். அந்தக் காலை நேரம்தான் எங்கள் வியாபாரம். நடுங்குகிற முழங்காலோடு வருகிறவனுக்குச் சூடான தேத்தண்ணியை விட்டால் வேறு என்ன வேண்டும்?

போன சீசனில் எனக்கு ஒரே ஒரு பயம் இருந்தது. அந்த மேசையை விட்டு என்னை எடுத்துவிடுவார்கள் என்ற பயம். அதைத்தான் சொல்ல வந்தேன். நடுவில் வேறு பக்கம் போனால் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் படித்தவன் இல்லை. நினைவு போகிற வழியில்தான் எனக்குப் போகத் தெரியும்.

பயம் வந்ததற்குக் காரணம் என் வலது கை. அதற்கு முந்திய மழைக்காலத்தில் அது நடுங்க ஆரம்பித்தது. முதலில் சட்டைப் பொத்தான் போடும்போது, பிறகு சவரம் செய்யும்போது. குளிர் என்று நினைத்தேன். குளிர் போன பிறகும் நடுக்கம் போகவில்லை. யாருக்கும் தெரியாது என்று நம்பிக்கொண்டு, கையைச் சட்டைப் பையில் விட்டுக்கொண்டு திரிந்தேன். என் மனைவி ஒரு நாள், "அந்தப் பையில என்னா கோழிக் குஞ்சா வளக்கிறீங்க?" என்று கேட்டாள். அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

கடையில் நாங்கள் ஐந்து பேர். ரொட்டிக் கல்லில் மூத்த மகன். அவன் பேச்சுக் குறைந்தவன், கோபம் வந்தால் இன்னும் குறைந்தவன். ரொட்டியை மேசைக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதும், காசு வாங்கி மேசை லாச்சியில் போடுவதும் இளையவன். அவன் கொழும்பில் கடைகளில் நின்றவன், சிங்களம் தண்ணீராக வரும். சம்பல் இடிப்பது, வெங்காயம் நறுக்குவது, எல்லாரையும் ஏசுவது என் மனைவி. தேத்தண்ணி மேசையில் நான். பின்பக்கம் தண்ணீர் கொட்டுகிற பீலிக்குப் பக்கத்தில் கிளாஸ் கழுவுவது இளையவன் பெண்டாட்டி.

அந்தக் கிளாஸ் கழுவுகிற பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் லயத்து வரிசை வீட்டில் பிறந்தவள். உயரமென்றால் உயரம். எங்கள் வாசலில் அவள் குனியாமல் நுழைந்த ஒரே நாள் கல்யாணத்தன்று, அன்றைக்கே நெற்றி வீங்கிவிட்டது. வொலிபோல் விளையாடி, பள்ளிக்கூடத்திலிருந்து மாகாண அணிக்குப் போய், கடைசியில் இந்த நாட்டுக்காகவே ஆடியவள். வெளிநாட்டுக்குப் பிளேனில் போய் ஆடியிருக்கிறாள். முழங்காலில் நரம்பு அறுந்து ஆட்டம் நின்றுபோனது. நாட்டுக் கொடி போட்ட அவளுடைய சட்டையை என் மனைவி தன் கூறைச் சேலைக்குள் மடித்து, பூச்சி உருண்டை போட்டு வைத்திருக்கிறாள். ஆனால் ஆளைக் கொண்டுபோய்ப் பின்பக்கம் பீலியில் நிறுத்தினோம். புதுசாய் வந்த மருமகள் சனத்துக்கு முன்னால் நிற்கக் கூடாது என்பது என் மனைவியின் சட்டம். எனக்கும் அப்போது அது சரியாகத்தான் பட்டது.

சீசனின் முதல் பெரிய காலையில் ஒரு கூத்து நடந்தது. பஸ் கூட்டம் ஒன்று கடையை நிரப்பி, தின்று குடித்து, ஒரே மூச்சில் போனது. மூச்சுவிட்டோம். அப்போது அந்தப் பிள்ளை பின்பக்கமிருந்து ஈரக் கையோடு ஓடி வந்து, உள்ளங்கையை விரித்து உயர்த்தியபடி என் மூத்தவனுக்கு முன்னால் நின்றாள். ஒரு புள்ளி எடுத்தால் அவர்கள் எல்லாரும் ஓடி வந்து கையோடு கை தட்டிக்கொள்வார்களாம். பழக்கதோஷத்தில் வந்துவிட்டாள்.

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். புருஷனுடைய அண்ணனோடு ஒரு பெண் நேருக்கு நேர் பேசுவதே இல்லை. அவர் வந்தால் இவள் ஒதுங்குவாள், இவள் வந்தால் அவர் ஒதுங்குவார். என் மூத்தவன் நின்றான், அந்தக் கையைப் பார்த்தான், கரண்டியைக் கல்லில் போட்டுவிட்டு விறகு எடுக்கப் போகிறவன் போலப் பின்வாசல் வழியாகப் போனான். எங்களுக்கு எரிவாயு அடுப்பு. விறகே கிடையாது.

"அடி ஆத்தே," என்றாள் என் மனைவி. "மூத்தாருக்கு முன்னால கையத் தூக்கிக்கிட்டு நிக்கிறியே. அவன் என்னா பஸ்ஸா, நிப்பாட்டுறதுக்கு?"

"மறந்துட்டேன் மாமி," என்றாள் அந்தப் பிள்ளை. உயர்த்திய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தலையைச் சொறிந்தாள். இளையவன் சிரித்துச் சிரித்து லாச்சிமேல் விழுந்தான்.

அன்று பகல் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது அவள் சொன்னாள், "மாமி, ஒரு வேலை செய்யிற ஆளுங்க பேசிக்கணும். பந்து வந்தா எடுக்கிறவ 'நான்'னு கத்தணும். கத்தலைன்னா ரெண்டு நல்ல ஆட்டக்காரங்களுக்கு நடுவுல பந்து விழும். எங்க கோச் ஐயா 'கதா கரன்ன, கதா கரன்ன'ன்னு கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கிட்டுத்தான் வீட்டுக்குப் போவாரு. பேசு, பேசுன்னு."

"இங்க பேச்சுக்கு என்னா கொறை?" என்றான் இளையவன். "அம்மா ஒருத்தியே நாலு பேருக்குப் பேசுது."

"வொலிபோலுக்கு ஆறு பேரு வேணும். நம்ம அஞ்சு பேருதான்."

"அந்தா முருகன் நிக்கிறாரு படத்துல," என்றாள் என் மனைவி. "காலையில ஊதுபத்தி வாங்கிக்கிறாருல்ல. ஒரு கை குடுக்கட்டும்."

சிரித்தோம். மூத்தவனும் தட்டைப் பார்த்தபடி சிரித்தான். நான் சிரித்துக்கொண்டே எழுந்து வெளியே போய் ரோட்டைப் பார்த்தேன். ரோட்டில் ஒன்றுமில்லை. பேச வேண்டும் என்று அவள் சொன்னது எனக்குள் எங்கேயோ இடறியது. எங்கள் வீட்டில் என் கையைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே என்று அப்போது நான் நினைக்கவில்லை. இப்போது நினைக்கிறேன்.

பிறகு சீசன் சூடு பிடித்தது. கடை சரியாக ஓடவில்லை. ஏன் என்று எனக்குப் புரியவில்லை. சனம் இருந்தது, சாமான் இருந்தது, இருந்தும் ரொட்டி கருகியது. மூத்தவன் கைக்கு ரொட்டி கருகுவது என்றால், அது மழை கீழேயிருந்து மேலே பெய்வது மாதிரி. இளையவன் லாச்சியை விட்டு எங்கேயோ போயிருப்பான், காசு கொடுக்க நிற்கிறவர்கள் நின்று பார்த்துவிட்டு அடுத்த கடைக்குப் போவார்கள். அண்ணனும் தம்பியும் பின்பக்கம் போய்ச் சண்டை போடுவார்கள். நான் போனால் நிறுத்திவிடுவார்கள்.

"ஒன் எடத்துல நீ நில்லுடா," என்று மூத்தவன் சொல்வது பலகைச் சுவர் வழியாகக் கேட்கும்.

"நீ நிக்கிறியா? ரொட்டி கருகுறப்ப எங்கண்ணே இருந்த?"

"நான் எங்க இருந்தேன்னு ஒனக்குத் தெரியாது?"

"தெரியும். எனக்கும் அங்கதானே வேலை."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிள்ளைகள் சோம்பேறியாகிவிட்டார்கள் என்று நினைத்தேன். இவர்களை நம்பி இந்த மேசையை எப்படி விடுவது என்று இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொண்டேன்.

தைப்பூசத்துக்குக் கிட்டின ஒரு காலையில் கேத்தல் விழுந்தது. பெரிய வெந்நீர்க் கேத்தல், இரண்டு கையால் தூக்குவது. மாத்தறைப் பக்கத்துப் பஸ் ஒன்று இறங்கி நின்றது. எல்லாருக்கும் பால் இல்லாத பிளேன்டீ. நான் கேத்தலைத் தூக்கினேன். வலது கை என் பேச்சைக் கேட்கவில்லை. கேத்தல் சரிவது எனக்கு மெதுவாகத் தெரிந்தது. மூத்தவன் ஒரு பக்கத்தில் நின்றான், இளையவன் மறு பக்கத்தில் நின்றான். இருவரும் கையை நீட்டினார்கள். அண்ணன் பிடிப்பான் என்று தம்பி நின்றுவிட்டான். தம்பிதான் கிட்டத்தில் இருக்கிறான் என்று அண்ணன் நின்றுவிட்டான். கேத்தல் இருவருக்கும் நடுவில் விழுந்தது.

வெந்நீர் ஓடி, பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு வயசான அம்மாவின் காலடி வரைக்கும் போனது. நல்லவேளை, அந்த அம்மா களைப்பில் காலைத் தூக்கிப் பெஞ்சுமேல் வைத்திருந்தார். "பரிஸ்ஸமின்" என்று மட்டும் சொன்னார், பார்த்து என்று. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாம்.

தண்ணீர் இல்லை, தேத்தண்ணி இல்லை. பஸ்காரர்கள் எழுந்து போனார்கள். பின்னாலே திரும்பிப் பார்க்கிறேன், கல்லில் வரிசையாக ரொட்டி, எல்லாம் கரி. லாச்சி திறந்தபடி. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. ஒரு கிழவன் எவ்வளவு மந்தமாக இருக்க முடியும் என்று பாருங்கள்.

அன்றைக்குத்தான் மூத்தவன் வாயைத் திறந்தான். "இந்தச் சீசன் முடியிற வரைக்கும்தான்பா. பொறகு நான் கொழும்புக்குப் போறேன். தெரிஞ்ச ஹோட்டல்ல கூப்பிடுறாங்க."

"ஏன்டா, இங்க என்னா கொறை?"

அவன் தம்பியைப் பார்த்தான், தம்பி கூரையைப் பார்த்தான். "கொறையெல்லாம் இல்ல," என்றான். அவ்வளவுதான். கல்லைச் சுரண்ட ஆரம்பித்தான். அந்தச் சுரண்டுகிற சத்தம் எனக்கு நாள் முழுதும் பல்லில் இருந்தது.

மழை பெய்து சனம் குறைந்த ஒரு பகல். என் மனைவிக்குச் சும்மா இருந்தால் எதையாவது பார்க்க வேண்டும். "நீ ஆடுனதெல்லாம் போன்ல இருக்குன்னு சொன்னியே, காட்டு புள்ள," என்றாள். எல்லாரும் கூடினோம். மூத்தவன் மட்டும் கொஞ்சம் தள்ளி நின்று, மற்றவர்கள் தோளுக்கு மேலாகப் பார்த்தான்.

பெரிய மண்டபம், வெளிச்சம், வலைக்கு இந்தப் பக்கம் எங்கள் நாட்டுப் பிள்ளைகள். நான் தோட்டத்துக் கோயில் திடலில் நடக்கிற ஆட்டம் பார்த்தவன். பந்து கொழுந்து மலைக்குள் போனால் தேடி எடுக்கவே அரை ஆட்டம் போய்விடும். இது வேறு. ஆறு பேரும் ஒரே கயிற்றில் கட்டினது மாதிரி ஒருவர் நகர்ந்தால் மற்றவர் நகர்ந்தார்கள். ஒரு பிள்ளை மட்டும் முழங்காலில் கட்டுப் போட்டிருந்தாள்.

"அது யாரு, நொண்டுறவ?" என்றாள் என் மனைவி.

"நான்தான் மாமி."

"ஐயோ, எனக்குத் தெரியலியே. முகமெல்லாம் வேற மாதிரி இருக்கு."

"வலி. அன்னைக்கு யாருக்கும் சொல்லல. சொன்னா வெளிய எடுத்துருவாங்கன்னு பயம்."

நான் கிட்டப் போய்க் குனிந்தேன். பந்து வருகிறது. இவளுக்கு வலப்பக்கம் நிற்கிறவள் ஒரு அடி இவள் பக்கம் ஒதுங்கி நிற்கிறாள். இடப்பக்கம் நிற்கிறவளும் ஒரு அடி ஒதுங்கி நிற்கிறாள். இவளுக்காக. இவளால் எட்ட முடியாததை எடுத்துக் கொடுக்க. எதிர்ப்பக்கத்துப் பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டார்கள். அவர்கள் இவளைக் குறிவைத்து அடிக்கவேயில்லை. அந்த இரண்டு பேரும் விட்டுவிட்டு வந்த இடத்திலே போட்டார்கள். பந்து விழுந்தது. மறுபடியும் அங்கேயே விழுந்தது. அந்த இரண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி முறைத்தார்கள். இவளை முறைக்கவில்லை. இவளிடம் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

என் முதுகில் ஏதோ ஊர்ந்தது. நான் போனைப் பார்க்காமல் என் பிள்ளைகளைப் பார்த்தேன். மூத்தவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். இளையவன் போனை வாங்கி நிறுத்தப் போனான்.

"இருடா," என்றேன். "பொறகு என்னாச்சு?"

"பொறகு நானே கையத் தூக்கினேன் மாமா. ஆள மாத்துங்கன்னு கேட்டேன்."

"ஜெயிச்சீங்களா?"

"இல்ல. தோத்துட்டோம். ஆனா அதுக்குப் பொறகு அந்த எடத்துல பந்து விழல."

எனக்குக் கோபம் வந்தது. "என்னைய மேசைய விட்டு எடுக்கிறதுக்குத்தான் இதக் காட்டுறியா?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான், நான் என்ன கேட்டேன் என்று எனக்கே தெரிந்தது. அதுவரை அந்தப் பேச்சை ஒருவரும் அந்தக் கடைக்குள் எடுக்கவில்லை.

அந்தப் பிள்ளைக்கு முகம் செத்துப்போனது. "இல்ல மாமா. மாமி கேட்டாங்க, காட்டுனேன். இந்த ஆட்டம்தான் முன்னுக்கு இருந்துச்சு."

"அவ சும்மாதான் காட்டுனா," என்றாள் என் மனைவி. "ஒங்களுக்குத்தான் குத்துது."

நான் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். மழையில் பாலம் வரைக்கும் போனேன், வந்தேன், மறுபடியும் போனேன். ஆற்றில் செந்தண்ணி ஓடியது. எங்கள் அப்பாவை நினைத்தேன். தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டினவர். கண் மங்கிய பிறகும் அவர் கத்தியைக் கீழே வைக்கவில்லை. அவருக்கு இரண்டு பக்கமும் வேலை செய்தவர்கள் தங்கள் நிரையை விட்டு அவர் நிரையையும் வெட்டிக் கொடுத்தார்கள். அவர்களுக்குக் கணக்கப்பிள்ளையிடம் ஏச்சு. அவர் கடைசிவரைக்கும் தன் நிரையைத் தானே வெட்டியதாகத்தான் நினைத்திருந்தார். நான் அதைப் பெருமையாகப் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன், எங்கள் அப்பாவுக்கு எவ்வளவு மரியாதை என்று. மரியாதைதான். இல்லை என்று சொல்லவில்லை. பாலத்தில் நின்றபோது அந்த இரண்டு பக்கத்து ஆட்கள் வாங்கின ஏச்சு முதல் தடவையாக என் காதில் விழுந்தது.

ஆனாலும் மேசையை விட மனம் வரவில்லை. மேசையை விட்டால் நான் யார்? பெஞ்சில் உட்கார்ந்து போகிற வருகிற பஸ்ஸைப் பார்க்கிற ஒரு கிழவன். உட்கார்ந்தால் செத்துவிடுவேன் என்றுகூடப் பயந்தேன். அந்தப் பயத்தில் சில நாட்கள் ஓடின. ஓடின நாட்களில் ஒன்று செய்தேன். கையைப் பார்க்காமல் பிள்ளைகளின் காலைப் பார்த்தேன். நான் கேத்தலில் கை வைத்தால் கல்லடியில் ஒரு கால் என் பக்கம் திரும்பும். நான் சீனி போட்டால் லாச்சியடியில் ஒரு கால் நகரும். நான் இரண்டு தரம் சீனி போட்ட கிளாஸை இளையவன் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டு போய்க் கொட்டுவான். ஒவ்வொரு தரமும் தவறாமல் நடந்தது.

அடுத்த போயாக் காலை. வானம் துடைத்துவிட்ட மாதிரி. மலையிலிருந்து சனம் இறங்குவது வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தது. கடை நிரம்பியது. பெஞ்சில் இடமில்லாமல் ரோட்டோரம் நின்றார்கள். நான் கேத்தலில் கை வைத்தேன். கல்லடியில் கால் திரும்பியது. லாச்சியடியில் கால் நகர்ந்தது. கல்லில் ரொட்டி வெந்துகொண்டிருந்தது.

நான் கேத்தலை விட்டேன். கையைத் தூக்கினேன். வலது கையைத்தான். எல்லாருக்கும் முன்னால், நடுங்கிக்கொண்டே.

"ஆள மாத்துங்க," என்றேன்.

சனத்துக்குப் புரியவில்லை. யாரோ ஒருவர் தன்னைக் கூப்பிடுவதாக நினைத்துத் தானும் கையைத் தூக்கினார். பிள்ளைகள் இருவரும் அப்படியே நின்றார்கள்.

"என்னா பாக்குறீங்க? அந்தப் புள்ளைய முன்னுக்கு வரச் சொல்லுங்க. நீ கல்லப் பாரு. நீ லாச்சியப் பாரு."

பின்பக்கமிருந்து அவள் வந்தாள், கையைப் பாவாடையில் துடைத்தபடி. மாமியாரைப் பார்த்தாள். என் மனைவி உலக்கையை நிறுத்தாமல், "என்னையப் பாத்தா தேத்தண்ணி ஊறுமா? போ," என்றாள். அவளுடைய சட்டத்தை அவளே அப்படித்தான் மாற்றுவாள். அறிவிப்பெல்லாம் கிடையாது.

அந்தப் பிள்ளை கேத்தலை ஒரே கையால் தூக்கினாள். முதல் வரிசைக் கிளாஸ் நிறைந்தது. பிறகு அவள் வாயைத் திறந்தாள். "பால் தேத்தண்ணி நான்! ரொட்டி ரெண்டு, அந்த மூலைக்கு!" மூத்தாருக்கு முன்னால், மூத்தாரைப் பார்த்தே சொன்னாள். மூத்தவன் காது சிவந்தது. பிறகு கல்லைப் பார்த்தபடி, "ரொட்டி ரெண்டு, நான்," என்றான், சாமி கும்பிடுகிற மாதிரி மெல்ல.

"கேக்கல," என்றான் இளையவன்.

"நான்டா," என்று கத்தினான் மூத்தவன். அவன் குரல் அவ்வளவு பெரியது என்று எனக்கு அன்றுதான் தெரியும்.

நான் பெஞ்சுக்குப் போனேன். இடமில்லை. இடம் இருந்திருந்தாலும் உட்கார்ந்திருக்க மாட்டேன். "மாமா, ஒக்காராதீங்க," என்று கூப்பிட்டாள் அவள், தேத்தண்ணி ஆற்றிக்கொண்டே. "வொலிபோல்ல வெளிய இருக்கிற ஆளு ஒக்கார மாட்டாங்க. மூலையில நின்னு காலை ஆட்டிக்கிட்டே கத்துவாங்க."

அது எனக்குத் தெரிந்த வேலை. சம்பல் இடிக்கிற மூலையில் நின்றேன். ஒரு காலில் நின்றேன், மறு காலில் நின்றேன். "கல்லுல ஓரத்து ரொட்டி பாரு," என்றேன். "வெள்ளைத் தொப்பி காசு குடுக்க நிக்கிறாரு," என்றேன். "சாயம் பத்தாது, இன்னும் கொஞ்சம் ஊறட்டும்," என்றேன்.

"அப்பா, காது போகுது," என்றான் இளையவன்.

"கத்தட்டும்டா. அதுக்குத்தானே நிக்கிறாரு," என்றாள் என் மனைவி. "எனக்கும் கொஞ்சம் வாய் ஓயும்."

அவள் தேத்தண்ணி என்னுடையது மாதிரி இல்லை. ஆற்றுகிற உயரம் போதாது, நுரை கம்மி. அதை இன்றைக்கும் சொல்வேன். கை அங்கே போகத் துடித்தது. பையில் விட்டு அமுக்கிக்கொண்டேன்.

கூட்டம் குறைந்தபோது கல்லில் கருகின ரொட்டி ஒன்றுகூட இல்லை. அவள் மறந்துபோய் மறுபடியும் கையை விரித்துத் தூக்கிவிட்டாள், மூத்தவனுக்கு முன்னால். தூக்கின பிறகுதான் நினைவு வந்தது, இறக்கப் போனாள். மூத்தவன் பின்வாசலைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். பிறகு ரொட்டி திருப்புகிற தட்டைக் கரண்டியை நீட்டி, அவள் உள்ளங்கையில் ஒரு தட்டுத் தட்டினான்.

"சூடு," என்றாள் அவள் கையை உதறிக்கொண்டு.

"ஆமா, கல்லுல இருந்ததுல்ல," என்றான். அவன் அவளோடு நேராகப் பேசின முதல் பேச்சு அதுதான்.

கொழும்புக்குப் போகிறேன் என்று அவன் அதற்குப் பிறகு சொல்லவில்லை. போகவில்லை என்றும் சொல்லவில்லை. சீசன் முடிந்தது, இந்தச் சீசனும் வந்துவிட்டது, அவன் கல்லடியில் நிற்கிறான். நான் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் நினைக்கிறேன்.

வீட்டிலும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. லயத்தில் பீலித் தண்ணீர் வருகிற நேரம் யார் வாளியைத் தூக்குவது என்று முன்பு ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போம், தண்ணீர் நின்றுபோகும். இப்போது யாராவது "நான்" என்பார்கள். என் மனைவி மட்டும் அதைத் தவறாகப் பழகிக்கொண்டாள். "நான்" என்று கத்திவிட்டு என்னை அனுப்புகிறாள்.

ஒரு விஷயம் பாக்கி இருக்கிறது. அன்றைக்குக் கடை மூடும்போது அந்தப் பிள்ளை என்னிடம் வந்து, "மாமா, முதல்ல எறங்கி ஆடுன ஆளு வெளிய போனா, அந்த ஆட்டத்துல ஒரே ஒரு தடவை திரும்ப உள்ள வரலாம். அதே எடத்துக்கு. சட்டத்துல இருக்கு," என்றாள்.

"ஒரு தடவைதானா?"

"ஒரு தடவைதான்."

அந்த ஒரு தடவையை நான் இன்னும் எடுக்கவில்லை. காலையில் பஸ் வருகிறதா என்று பாலம் வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். பிறகு மூலையில் நின்று, ஒரு கால் மாற்றி ஒரு கால், அவள் கேத்தலைத் தூக்குவதைப் பார்க்கிறேன். சாயம் பத்தாது என்று சொல்கிறேன்.

"சரி மாமா," என்கிறாள் திரும்பிப் பார்க்காமல்.